குறில் அவளுக்கு, நெடில் எனக்கு

காலையில் பனி இறங்கியிருக்கும் நேரத்தில் எங்கள் தோட்டத்துச் செம்மண் சடக்குப் பாதையில் நின்றால் மூன்று பள்ளிக்கூடங்களின் சத்தம் கேட்கும். ஆற்றுப் பக்கத்துக் கம்பத்தில், அந்தச் சின்னக் கிராமத்தில், மலாய்ப் பிள்ளைகள் உடம்பை ஆட்டி ஆட்டிப் படிப்பார்கள். முச்சந்தியில் சீனர் கடை மாடியில் சீனப் பிள்ளைகள் ஒரே குரலில் கத்துவார்கள். எங்கள் பக்கம் ஆனா, ஆவன்னா. ரப்பர் மரங்களுக்குள் புகுந்து வருவதற்குள் மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடும். அது ஒரே பாட்டு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இப்போதும் விடியற்காலை அரைத் தூக்கத்தில் அந்தப் பாட்டு கேட்கிறது. எழுந்து உட்கார்ந்தால் நின்றுவிடுகிறது.

ஜொகூரில் எங்கள் தோட்டம் இருந்த தெப்ராவ் பக்கம் இப்போது வீடுகள் வரிசை வரிசையாக வந்துவிட்டன. அங்கே எங்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது என்றால், எந்த இடத்தில் என்று கேட்கிறார்கள். எந்த இடத்தைச் சொல்வது? எனக்குத் தெரிந்து அது மூன்று இடங்களில் நடந்தது. முதலில் பெரட்டுக் கொட்டகை, பிறகு கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் பாதி, கடைசியில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட பலகை வீடு. குட்டி போட்ட பூனை மாதிரி எங்கள் பள்ளிக்கூடம் இடம் தேடி அலைந்தது.

பெரட்டு என்றால் விடிவதற்கு முன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது. பேர் கொடுத்தவர்கள் பால்மரம் வெட்ட, அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்கப் போய்விட்டால் அந்தக் கொட்டகை சும்மா கிடக்கும். அதில்தான் நாங்கள் படித்தோம். பெரட்டில் கணக்கு எழுதும் கிராணிக்குத் துணையாக நின்று பேர் கூப்பிடுகிறவரே கொஞ்ச நேரம் கழித்து எங்களுக்கு வாத்தியார். அதே தடித்த குரலில், அதே வேகத்தில் எங்கள் பேர்களையும் கூப்பிடுவார். நாங்களும் பெரியவர்கள் மாதிரியே கையைக் கட்டிக்கொண்டு "வந்தாச்சுங்க!" என்போம். பள்ளிக்கூடத்தில் வேறு மாதிரி பதில் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது. அவருக்கும் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அந்தப் பெரட்டு வழக்கத்தால்தான் எல்லாமே வந்தது.

வாத்தியார் பிள்ளைகளின் பேர் எழுத லயத்துக்கு வந்த சாயங்காலம் எனக்கு ஏழு வயது இருக்கும். அக்காவுக்கு ஒன்பது. லயம் என்பது நீளமான ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள். எங்கள் அறை கடைசி. அப்பா வாசலில் உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஒரு புள்ளையத்தான் அனுப்ப முடியும்ங்க. ஒண்ணு அவ அம்மாகூட மரத்துக்குப் போவணும்."

"சரி, பேரு?"

"பாப்பா."

வாத்தியார் எழுதிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டில் இரண்டு பேருமே பாப்பா. அக்கா பெரிய பாப்பா, நான் சின்னப் பாப்பா. சாமிக்கு முன்னால் வைத்த பேர்கள் இருவருக்கும் உண்டு. அவற்றை யாரும் கூப்பிட்டதில்லை. அப்பா எந்தப் பாப்பாவை நினைத்துச் சொன்னார் என்பது அவருக்கே தெரியாது. மறுநாள் காலையில் அக்காவும் நானும் தலை சீவி, முகம் கழுவி வாசலில் நின்றோம். அப்பா எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"பேருக்கு ஒரு ஆளு போனா போதும்லா. இன்னிக்குப் பெரியவ போவட்டும், நாளைக்குச் சின்னவ."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெரட்டில் அப்படித்தான் நடக்கும். அண்ணனுக்குக் காய்ச்சல் என்றால் அந்தப் பேருக்குத் தம்பி போய் நிற்பான். பேர் இருக்கிறது, ஆள் இருக்கிறது, வேலை நடக்கிறது. பள்ளிக்கூடமும் அதுபோல ஒரு வேலை என்று அப்பா எண்ணிக்கொண்டார். இப்படி ஒரு பேரில் ஓர் இடத்தை வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேர் படித்தோம்.

வாத்தியாருக்கு ஒரு நாளைக்கு ஓர் எழுத்துதான். அதற்கு மேல் அவருக்கும் பொறுமை கிடையாது, எங்களுக்கும் கிடையாது. முதல் நாள் அக்கா போய் அ கற்றுக்கொண்டு வந்தாள். மறுநாள் நான் போய் ஆ கற்றுக்கொண்டேன். இ அவளுக்கு, ஈ எனக்கு. உ அவளுக்கு, ஊ எனக்கு. குறில் எல்லாம் அவள் பக்கம் போனது, நெடில் எல்லாம் என் பக்கம் வந்தது. நடுவில் ஐ என்று ஒன்று ஜோடியில்லாமல் வந்து இந்த ஒழுங்கைக் கெடுத்தது. ஐ அவளுக்குப் போனதால் ஒ எனக்கு வந்தது, ஓ அவளுக்குப் போனது. ஔவையும் ஆய்த எழுத்தையும் வாத்தியார் ஒரே நாளில் முடித்துவிட்டதால் மறுபடியும் முறை அவளிடமிருந்தே தொடங்கியது. பிறகு க அவளுக்கு, கா எனக்கு. இப்படியே கடைசி வரிசை வரைக்கும்.

பேர் என்னவோ பாப்பா. பா போட அக்காவுக்கு நான் வேண்டும். அம்மா என்று எழுத எங்கள் இரண்டு பேருமே வேண்டும்.

சாயங்காலம் தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் இருந்த சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து எழுத்து மாற்றிக்கொள்வோம். சிலேட்டு ஒன்றுதான். நான் அன்றைக்கு வாங்கி வந்த எழுத்தை எழுதிக் காட்டுவேன். அக்கா விரலால் அதன்மேல் நாலைந்து தடவை போவாள். பிறகு செம்பருத்தி இலையால் சிலேட்டைத் துடைத்து வைப்பாள். மறுநாள் அவள் முறை. பாவாடையும் ஒன்றே. பச்சைப் பாவாடை. அவளுக்குக் கெண்டைக்கால் வரை வரும், எனக்குத் தரையைக் கூட்டும். "பாப்பா ஒரு நாளு வளருது, ஒரு நாளு குட்டையாவுது" என்று மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். வாத்தியார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். பேர் கூப்பிட்டார், ஆள் வந்தாச்சு. பதிவுப் புத்தகத்தில் அவர் போடும் கோடு தவறியதே இல்லை.

பள்ளிக்கூட முறை இல்லாத நாளில் அம்மாவோடு மரத்துக்குப் போக வேண்டும். அம்மா மரம் வெட்டுவதற்கு முன்னால் ஓடி, மங்கில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்து எடுத்து, மங்கைத் துடைத்து வைக்க வேண்டும். மங்கு என்பது பால் வடிய வைக்கும் சின்னக் கிண்ணம். எனக்கு அந்த வேலை கொஞ்சமும் பிடிக்காது. கொசு, ஈரம், கையெல்லாம் நாற்றம். முணுமுணுத்துக்கொண்டேதான் செய்வேன். அக்கா மட்டும் அம்மாவுடைய நிரையில், அந்த மர வரிசையில், மரத்துக்கு ஓர் எழுத்து வைத்திருந்தாள். முதல் மரம் அ. சரிவு இறங்கும் இடத்தில் க வரிசை. பாறைக்குப் பக்கத்தில் ம வரிசை. மங்கைத் துடைக்கும்போது அந்த எழுத்தை ஒரு தடவை சொல்லுவாள். அவள் சொல்லிக் கேட்டுக் கேட்டு அம்மாவுக்கும் வந்துவிட்டது. "பூ மரத்துல பால் கொறஞ்சுபோச்சு" என்பாள் அம்மா, ஓர் எழுத்தும் எழுதத் தெரியாமல். இருநூற்று நாற்பத்தேழு எழுத்தும் முடிந்து இன்னும் மரம் மிச்சமிருந்தது. அந்த மரங்களுக்கு அக்கா எங்கள் இரண்டு பேரின் கூப்பிடாத பேர்களை வைத்தாள்.

வளர்ந்து வாத்தியாரம்மா ஆகப்போகிறேன் என்று அவள்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதில்லை. எனக்கு அப்படி ஓர் ஆசை இருந்ததே அது கைக்கு எட்டும் தூரத்தில் வந்தபோதுதான் தெரிந்தது.

நாலு வருஷம் இப்படிப் போனது. பெரட்டுக் கொட்டகையில் மழைச்சாரல் அடித்ததால் எங்களை ஆயாக்கொட்டகைக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு பக்கம் பிள்ளைகள் தூளியில் அழும், மறுபக்கம் நாங்கள் வாய்பாடு சொல்லுவோம். எங்கள் வாய்பாட்டில் பாதிப் பிள்ளைகள் தூங்கிப்போகும். ஆயாவுக்கு அதில் ரொம்பச் சந்தோஷம். அப்போது நாங்கள் வாசிக்கவும் எழுதவும் தொடங்கியிருந்தோம். இப்போது எழுத்துக்குப் பதிலாகப் பாடத்தை மாற்றிக்கொண்டோம். ஒற்றைப் பாடம் அவளுடையது, இரட்டைப் பாடம் என்னுடையது.

ஒரு நாள், அது என் முறை, வாத்தியார் வழக்கத்துக்கு மாறாகத் துவைத்த வேட்டியில் வந்தார்.

"நாளைக்கு டவுன்லேருந்து பெரிய ஐயா வர்றாரு, பள்ளிக்கூடத்தப் பாக்க. எல்லாரும் குளிச்சுட்டு வரணும். பொம்பளப் புள்ளைங்கள்ல நல்லா எழுதுற ஒண்ண டவுன்ல தங்கிப் படிக்க எடுத்துக்குவாங்களாம். படிச்சுட்டு வந்து இங்கயே சின்னதுங்களுக்குச் சொல்லித் தரணும். பாப்பா, நீ கண்டிப்பா வந்துரு."

மறுநாள் அக்காவின் முறை.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் மரங்கள் என்னோடு நடந்து வந்ததாக ஞாபகம். வெயில் இலைகளுக்குள் புகுந்து தரையில் சில்லறை சில்லறையாகக் கிடந்தது. நான் ஒன்றையும் மிதிக்காமல் நடந்தேன். மிதிக்காமல் லயம் வரைக்கும் போய்விட்டால் நான் செய்யப்போவது தப்பில்லை என்று எனக்கு நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். கடைசியில் மிதித்தேனா இல்லையா என்பது நினைவில்லை.

எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. பள்ளிக்கூடம் நடக்காத நாள் யாருடைய கணக்கிலும் சேராது. இன்றைக்கு என் முறை, ஆனால் பள்ளிக்கூடம் நடக்கவில்லை என்றால், நாளைக்கும் என் முறைதான்.

குழாயடியில் அக்கா கேட்டாள்: "இன்னிக்கு என்ன பாடம்?"

"பாடமே இல்ல. வாத்தியாருக்குக் காய்ச்சல். எல்லாரையும் திருப்பி அனுப்பிட்டாரு."

"அப்ப இவ்வளவு நேரம் எங்க இருந்த?"

"சும்மா வெளாடிக்கிட்டு இருந்தேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "சரி, நாளைக்கு நீ போ" என்றாள். குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. மறுநாள் காலையில் நான் எழுந்தபோது அவள் அம்மாவோடு போய்விட்டிருந்தாள். பச்சைப் பாவாடை மடித்து வைத்திருந்தது. அதன்மேல் சிலேட்டு, செம்பருத்தி இலை போட்டுத் தேய்த்துக் கறுப்பாகப் பளபளவென்று இருந்தது. எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பெரிய ஐயா வந்தார். கூடவே தோட்டத்துத் துரையும் வந்தார். ஐயா முதலில் பதிவுப் புத்தகத்தைத்தான் பார்த்தார். விரலை வைத்து ஒரே வரியில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போனார்.

"இந்தப் பாப்பா நாலு வருஷமாக ஒரு நாள்கூடத் தவறவில்லையே! ஆச்சரியமாக இருக்கிறதே!"

வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். யாரோ ஒரு பிள்ளை கிளுக்கென்று சிரித்தது. ஐயா என்னை எழுப்பி வாசிக்கச் சொன்னார், சொல்லச் சொல்ல எழுதச் சொன்னார். ஆடு, மாடு, காடு, ஏணி, ஊஞ்சல். எல்லாம் என் எழுத்துகளில் தொடங்கும் சொற்களாகவே வந்தன. அதிர்ஷ்டம் என்பது அப்படித்தான் திருடனுக்கும் வரும். நான் ஒரு பிழையும் விடவில்லை. ஐயா துரையிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்ல, துரை என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

கொஞ்ச நாளில் சேதி வந்தது. வாத்தியாரே லயத்துக்கு வந்து சொன்னார். பாப்பாவை எடுத்துக்கொண்டார்கள்.

"எந்தப் பாப்பாவ?" என்றார் அப்பா. நாலு வருஷம் கழித்து முதல்முறையாக அந்தக் கேள்வி அவருக்குத் தோன்றியது.

வாத்தியார் எங்கள் இருவரையும் பார்த்தார். எல்லாம் தெரிந்த மனிதரின் பார்வை அது. அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். யாராவது ஏதாவது சொல்ல வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். அதை நான் சொல்லக்கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன். அக்காதான் சொன்னாள்.

"பச்சப் பாவாட இப்ப அவளுக்குத்தான் சரியா இருக்கு. எனக்கு முட்டி தெரியுது."

அதோடு முடிந்தது. அந்தப் பாவாடையில்தான் டவுனுக்குப் போனேன்.

ஜொகூர் டவுனில் நாங்கள் தங்கிப் படித்த வீட்டின் சன்னலிலிருந்து கடல் தெரியும். தண்ணீருக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர், மத்தியானத்தில் ஆவி பறக்கும் பச்சைக் கோடாக. நிறையப் பிள்ளைகள், நிறையச் சிலேட்டுகள், ஆளுக்கு ஒன்று. நான் நன்றாகத்தான் படித்தேன். நன்றாகத்தான் தூங்கினேன். பொய் சொன்னவளுக்குத் தூக்கம் வராது என்பார்கள், எனக்கு வந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

போய் ஒரு வருஷம் இருக்கும், அக்காவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவள் எழுதிய ஒரே கடிதம் அது.

"தங்கச்சிக்கு. நங்க நல்ல இருக்கோம். அம்ம உன்னக் கெட்டங்க. நி எப்ப வருவ. பப்ப."

முதலில் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவளிடம் காட்டிக்கூடச் சிரித்தேன். பயிற்சி விட்டுப்போய் எல்லாம் மறந்துவிட்டது, பாவம், என்று நினைத்தேன். இரண்டாம் தடவை வாசிக்கும்போது ஒரு சொல்லில் கண் நின்றது. இருக்கோம். அது மட்டும் சரியாக இருந்தது. மறந்துபோனவளுக்கு அதுவும் மறந்திருக்க வேண்டும். கடிதத்தில் ஆ இல்லை, ஈ இல்லை, ஏ இல்லை. ஓ மட்டும் இருந்தது. ஓ அவளுடைய எழுத்து.

என்னிடமிருந்து வாங்கியதையெல்லாம் அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அந்த நிமிஷத்தில்தான் சிலேட்டு எனக்கு ஞாபகம் வந்தது. பொய் சொன்ன அன்றைக்கு நடந்த பாடத்தை நான் சிலேட்டில் எழுதியிருந்தேன். துடைக்கவில்லை. பாடமே நடக்கவில்லை என்று குழாயடியில் நான் சொல்லும்போது, பாடம் முழுவதும் எழுதிய சிலேட்டு வீட்டுக்குள் சுவரில் சாய்ந்து நின்றது. காலையில் அது துடைத்துப் பளபளவென்று இருந்தது. அதைத் துடைத்தது யார் என்று ஒரு வருஷமாக நான் யோசிக்கவே இல்லை. கடிதத்தை வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதேன். வீட்டு ஞாபகம் போலிருக்கிறது என்று எனக்குக் கஞ்சி கொடுத்தார்கள்.

படிப்பை முடித்துத் திரும்பியபோது பள்ளிக்கூடம் பலகை வீட்டுக்கு மாறியிருந்தது. வாத்தியார் பெரிய வகுப்புக்கு, நான் சின்ன வகுப்புக்கு. பிள்ளைகள் என்னைப் பார்த்தும் "வந்தாச்சுங்க!" என்றுதான் கத்தினார்கள். அதை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. அக்கா அதற்குள் கல்யாணமாகிச் செடெனாக் பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிருந்தாள். திருவிழாவுக்கு வருவாள், போவாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று எல்லாம் பேசிக்கொள்வோம். அதை மட்டும் பேசியதில்லை. இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். ஒவ்வொரு தடவையும் யாராவது காப்பி கொண்டுவந்து கெடுத்துவிடுவார்கள்.

ரப்பர் விலை விழுந்து அந்தப் பக்கம் ஆள் குறைத்தபோது அக்கா குடும்பத்தோடு எங்கள் தோட்டத்துக்கே வந்து சேர்ந்தாள். விலை திரும்ப ஏறவும் அவள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட வயது வரவும் சரியாக இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் பனி விலகாத நேரத்தில் பலகைப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. பார்த்தால் அக்கா. மரத்திலிருந்து நேராக வந்திருந்தாள். சேலையில் பால் காய்ந்து வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்தது. கைக்கு ஒன்றாக இரண்டு பெண்பிள்ளைகள்.

நான் பதிவுப் புத்தகத்தைத் திறந்தேன். பேனாவை மையில் தோய்த்தேன். எழுத முடியவில்லை.

"அக்கா, அன்னிக்கு வாத்தியாருக்குக் காய்ச்சல் இல்ல."

"தெரியும்டி. சிலேட்டத் தொடச்சது யாரு?"

"ஏன் அப்பவே கேக்கல?"

"கேட்டா அப்பாவுக்குத் தெரியும். தெரிஞ்சா ரெண்டு பேரையும் நிறுத்திருப்பாரு. ஒண்ணாவது போவட்டும்னுதான்." அவள் சின்ன மகளின் மூக்கைத் துடைத்துவிட்டாள். "அன்னிக்கு மரத்துக்கு மரம் நின்னு அழுதேன். அ மரத்துல ஆரம்பிச்சு கடைசி வரைக்கும். அம்மா என்னத்துக்குன்னுகூடக் கேக்கல."

"இன்னும் கோவமா இருக்கியா?"

அக்கா யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாதவள்.

"கொஞ்சம் இருக்கு. இருந்துட்டுப் போவுது. நீ எழுது, எனக்கு நேரமாச்சு."

"எந்தப் பிள்ளைய எழுதணும்?" பிள்ளையைச் சேர்க்க வருகிற எல்லாரையும் கேட்கிற கேள்விதான். கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கு உறைத்தது.

"குடு, நானே எழுதுறேன்" என்று பேனாவை வாங்கிக்கொண்டாள்.

அவள் எழுதிப் பார்த்து எத்தனையோ வருஷம். பேனாவை மரம் வெட்டும் கத்தி பிடிக்கிற மாதிரிப் பிடித்தாள். நாக்கை உதட்டோரம் வைத்துக்கொண்டு மெதுவாக எழுதினாள். இரண்டு வரி. எழுதி முடித்து ஊதினாள், பிள்ளைகளைப் பலகையில் உட்கார வைத்தாள், படியிறங்கிப் பனிக்குள் போனாள். கொஞ்ச தூரம் அவள் தெரிந்தாள், பிறகு மரங்கள் மட்டும் தெரிந்தன. கம்பத்திலும் முச்சந்தியிலும் பிள்ளைகள் படிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

நான் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தேன். பெரிய பாப்பா. அதற்குக் கீழே சின்னப் பாப்பா. நாலு துணைக்காலும் இருந்தன.